வாசிகசாலை வைஃபைக்கு ஒரு வட்ட விதானை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. கணக்கறிக்கை பத்து நிமிடத்தில் முடிந்தது. வைஃபை பற்றிய கதை இரண்டு மணித்தியாலம் போனது. வாசிகசாலையில் இருக்கும் இலவச வைஃபையை மாத முடிவோடு நிறுத்திவிட வேண்டும் என்று முக்கால்வாசிப் பேர் கை உயர்த்தினார்கள். செயலாளர் என்ற முறையில் நான் கெஞ்சிக் கேட்டு ஒரு மாதத் தவணை வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. இரணைமடுக் குளத்தின் இடதுகரை வாய்க்கால் ஓடும் பக்கம் என்பது போதும். மற்ற ஊர்களிலும் இதே சண்டை நடக்கிறது என்று காதில் விழுந்ததால்தான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

ரவுட்டர் வந்து இரண்டு வருடமாகிறது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் மாதக் கட்டணத்தைப் பொறுப்பெடுத்தார்கள். பத்திரிகை மேசைக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். சிம் போட்ட 4ஜி ரவுட்டர். முற்றத்து வேம்பு வரைக்கும் நன்றாக எடுக்கும், ரோட்டு மதகடியில் அரையும் குறையுமாக எடுக்கும். பாஸ்வேர்டைக் கரும்பலகையில் சோக்கால் எழுதிவிட்டோம். அப்போது எல்லோருக்கும் சந்தோசம். பத்திரிகை படிக்க வராதவர்களும் வாசிகசாலைக்கு வந்தார்கள் என்று நான்தான் ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதினேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். ஒரு நாள் பின்னேரம் நாலரை மணி. உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை சூம் வகுப்புக்காக யன்னலோரம் இருந்தாள். பௌதிகவியல். சேர் பலகையில் ஒரு மின்சுற்று வரைந்துகொண்டிருந்தார். பாதிக் கோட்டில் அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. குரல் மட்டும் தகரத்துக்குள் இருந்து வருவதுபோல விட்டுவிட்டு வந்தது, பிறகு அதுவும் இல்லை. பிள்ளை போனை யன்னலிலிருந்து கதவுக்குக் கொண்டுபோனாள், கதவிலிருந்து ரவுட்டருக்குக் கீழே கொண்டுவந்தாள். திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில், நின்றுபோன படத்தில் தெரிந்த அந்த அரைச் சுற்றை அப்படியே கொப்பியில் கீறிக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். அதே நேரம் வேம்புக்குக் கீழே நாலு பெடியள் சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள், போனில்தான். அவர்களிடம் போய்ச் சொன்னபோது ஒருவன் மரியாதையாகத்தான் கேட்டான்: "ஐயா, காத்தில வாறதுதானே, நாங்க எடுத்தா அவவுக்கு என்ன குறையப்போகுது?"

அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அதற்குக் காரணம் என் வயது. காற்றில் வருவது என்றால் எங்கள் தலைமுறைக்கு ரேடியோதான். தொண்ணூறுகளில் வன்னிக்குள் கரண்ட் இல்லை, பற்றரி தடை செய்த பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் வயரைப் பூட்டி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற இருபது பேர் சுற்றியிருந்து பிபிசி தமிழோசை கேட்போம். நானும் எத்தனையோ இரவு சுற்றியிருக்கிறேன். இருபது பேர் கேட்டாலும் இருநூறு பேர் கேட்டாலும் செய்தி குறையாது, பக்கத்து ஊர் ரேடியோவுக்கும் குறையாது. சுற்றுகிறவனின் கைதான் நோகும். வைஃபையும் அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் கணினி படித்த என் மருமகள் லீவில் வந்து நின்றபோதுதான் தெளிந்தது. ரேடியோ நிலையம் ஊருக்கெல்லாம் ஒரே பேச்சைப் பேசுகிறது, ரவுட்டர் ஒவ்வொரு போனோடும் தனித்தனியாகப் பேசுகிறது என்றாள். ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஒவ்வொரு போனும் முதலில் காதுகொடுத்துக் கேட்கும். வேறு யாரும் பேசவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்து, அதுவும் ஆளுக்கொரு கணக்கில் சீட்டு இழுத்ததுபோலப் பொறுத்து, பிறகு அனுப்பும். இரண்டு பேர் ஒன்றாகப் பேசி மோதிக்கொண்டால் இரண்டு பேரும் முன்னையதைவிடக் கூட நேரம் பொறுத்திருப்பார்கள். மோதினால் ஆளுக்கொரு கணக்கில் பொறுத்திருந்து திருப்பி அனுப்புகிற யோசனை 1971இல் ஹவாய்த் தீவுகளுக்கு இடையே ரேடியோ வழியாகக் கணினிகளை இணைத்த 'அலோஹா' வலையமைப்பிலிருந்து தொடங்கியதாம். ஆக, இந்தச் சின்னப் பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு வரிசை மரியாதை இருக்கிறது. அதை உடைக்கிறவர்கள் நாங்கள்தான்.

மருமகள் தன் லப்டொப்பில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, யார் யார் இணைந்திருக்கிறார்கள், யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்ற பட்டியலைக் காட்டினாள். 37 கருவிகள் இருந்தன. வாசிகசாலைக்குள்ளும் முற்றத்திலும் எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு பேர்தான்.

மீதி எங்கே? பக்கத்து வீட்டில். அந்த வீட்டுக்காரர், நல்ல மனிதர், எங்கள் சிக்னலை வாங்கித் திருப்பி வீசும் ஒரு பெட்டியை யன்னலில் வைத்திருந்தார். அவருடைய டிவி, பிள்ளைகளின் போன்கள், வந்து போகும் சொந்தக்காரர் எல்லோரும் அதில். அந்தப் பெட்டி எங்கள் ரவுட்டர் பேசும் அதே அலைவரிசையில் ஒவ்வொரு சொல்லையும் இரண்டாம் முறை சொல்கிறது. அதனால் அந்த வீட்டில் ஒரு படம் ஓடினால் காற்றில் இரண்டு படம் ஓடிய நேரம் செலவாகிறது. கேட்டபோது எனக்கு வாய்க்காலில் மோட்டார் வைத்து மேட்டுக்காணிக்கு இறைக்கிறவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள். அவர்களும் நல்ல மனிதர்கள்தான்.

பிறகு மதகடியில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி பாவிக்கிறவர். அவர் வெறும் வட்ஸ்அப் மட்டும்தான் பார்க்கிறார், படம் ஒன்றும் இறக்குவதில்லை. ஆனாலும் அவரால்தான் கூடக் கரைச்சல் என்றாள் மருமகள். எனக்கு விளங்கவில்லை. தூரத்தில் இருக்கிறவருக்குச் சிக்னல் குறைவு, அதனால் ரவுட்டர் அவரோடு மிக மெதுவாகப் பேசவேண்டும். 1500 பைட் உள்ள ஒரு பொட்டலம், அதாவது ஒரு துண்டுத் தகவல், செக்கனுக்கு 54 மெகாபிட் வேகத்தில் போனால் அதற்குக் கால் மில்லிசெக்கனும் தேவையில்லை. அதையே 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 12 மில்லிசெக்கன். அந்த நேரம் முழுவதும் மற்ற எல்லோரும் வாய் மூடி நிற்கவேண்டும். கூட்டத்தில் ஒருவர் எழும்பி எழுத்துக் கூட்டிக் கதைத்தால் எப்படியிருக்கும், அப்படி. இதில் அவருடைய சுயநலம் ஒன்றும் இல்லை, பாவம், உள்ளே வந்து இருக்க வெட்கப்படுகிறார்.

உண்மையான சுயநலக்காரர் இருவர் அகப்பட்டார்கள். ஒருவர் படம் இறக்குகிறவர். போனில் இறக்கப் போட்டு, பையில் வைத்து, பையை வாசிகசாலைக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். அந்தச் செயலி ஒரு கோப்பை எடுக்கப் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறக்கிறது. இணையம் பங்கு போடுவது ஆளுக்கு இல்லை, இணைப்புக்கு. சூம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றிரண்டு பங்கு, இவருக்கு இருபது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் பங்கு போடும்போது ஒரே வீட்டில் பேரன் பேத்தி வரைக்கும் பெயர் கொடுத்துப் பங்கு கேட்கிறவரைப் போல. மற்றவன் வேம்படிப் பெடியளில் ஒருவன். பழைய லப்டொப் ஒன்று வைத்திருக்கிறான். அவனுடைய விளையாட்டு இழுபட்டால், மற்றப் போன்களிடம் "நான்தான் ரவுட்டர்" என்று பொய் சொல்லும் ஒரு செயலியைத் தட்டிவிடுவான். அவை தங்களுடையதை எல்லாம் அவனிடம் அனுப்பும், அவன் வெளியே விடாமல் போட்டுவிடுவான். எல்லோருக்கும் வைஃபை குறி முழுசாகத் தெரியும், ஒன்றும் வேலை செய்யாது. மாதக்கணக்காகக் கம்பனியைத் திட்டினோமே, பாதி நாள் இவன்தான்.

சரி, பட்டியலில் கூட இழுத்தவர்களில் மூன்றாவது யார் என்று கேட்டேன். மருமகள் சிரித்துக்கொண்டு என் சட்டைப் பையைக் காட்டினாள். என் போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் வைஃபை கிடைத்தவுடன் மேலே ஏற்றும்படி மகன் போன வருடம் செய்து கொடுத்திருக்கிறான். பேத்தியின் சாமத்திய வீட்டு வீடியோ முழுவதும் நாலைந்து நாளாக ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் 4ஜி இணைப்பில் மேலே போகும் வழி கீழே வரும் வழியைவிட ஒடுக்கம். அதை ஒரு வீடியோ அடைத்துவிட்டால், கீழே வருவதும் "கிடைத்தது" என்று பதில் சொல்ல வழியில்லாமல் தங்கிவிடுமாம். அந்தப் பிள்ளையின் சேர் கை நின்றதில் எனக்கும் பங்கு உண்டு. கூட்டத்தில் இதை நான் எழும்பிச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். பிறகு ஆளாளுக்குத் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள்.

மருமகள் சொன்ன இன்னொரு கதை என்னை மிகவும் பிடித்துக்கொண்டது. 1986 ஒக்ரோபரில் அமெரிக்காவில் பெர்க்லியில், ஒரு ஆய்வுகூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 யார் தூரம், இணைய வேகம் செக்கனுக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்துவிட்டது. ஒன்றும் அறுந்து போகவில்லை. நெரிசலில் பொட்டலம் தொலைந்தால் ஒவ்வொரு கணினியும் "போகவில்லையா, திருப்பி அனுப்பு" என்று இன்னும் இன்னும் தள்ளியது, எல்லோரும் தள்ளியதால் ஒருவருடையதும் போகவில்லை. வான் ஜேக்கப்சன் என்பவர் அதை ஆராய்ந்து, பொட்டலம் தொலைந்தால் அனுப்புகிறவர் தானாக வேகத்தைக் குறைக்கவேண்டும், பிறகு மெல்ல மெல்லக் கூட்டவேண்டும் என்று ஒரு முறை கண்டார். இன்றைக்கும் இணையம் பெரும்பாலும் அந்தப் பொறுமையில்தான் ஓடுகிறது.

எங்கள் கூட்டத்தில் வந்த யோசனைகளில் பொறுமை ஒன்றும் இருக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்று என்றார்கள். மூன்று தடவை மாற்றினோம், ஒவ்வொரு தடவையும் விளக்கு வைக்க முன்னம் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. காசு வாங்கு என்றார்கள். காசு கொடுத்தவன் இன்னும் கூட இழுப்பான், காசில்லாத பிள்ளை வெளியே நிற்கும். பெடியளை உள்ளே விடாதே என்றார்கள். இதில்தான் எனக்குக் கோபம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெட்டியை வைத்தவருக்கு ஐம்பது வயது, வீடியோ ஏற்றியவனுக்கு அறுபத்திரண்டு. பெடியள் என்று ஒரு சொல்லைச் சொல்லி எல்லாவற்றையும் அதில் கட்டிவிடுவது எங்கள் பக்கத்தில் பழகிப்போய்விட்டது.

நான் வாய்க்காலின் கடைசிக் காணிக்காரன். இரண்டு ஏக்கர். தண்ணீர் எங்களுக்கு எப்போதும் கடைசியில்தான் வரும், மேலே ஒருவர் வைக்கோலும் மண்ணும் வைத்து அடைத்தால் எங்களுக்கு ஈரம் மட்டும்தான். அதற்காக வாய்க்காலை மூடு என்று யாராவது சொன்னதுண்டா? சிறுபோகத்துக்கு முன்னம் அரசாங்க அதிபர் தலைமையில் கூட்டம் வைத்து, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு காணி விதைக்கலாம் என்று தீர்மானிக்கிறோம். பிறகு முறை வைத்துத் திறக்கிறோம். முறை தப்பினவனை ஊர் அறியும். என் அப்புவின் காலத்தில் இதையெல்லாம் பார்க்க வட்ட விதானை இருந்தார். யார் வரம்பை வெட்டினான், யார் இரவில் பலகையைத் தூக்கினான் என்று விடியற்காலை நடந்தே பார்த்துவிடுவாராம். அவருக்கு அறுவடையில் நெல் கொடுப்பார்கள். சட்டத்தில் அந்தப் பதவி 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு போய்விட்டது. பேச்சில் போகவில்லை. நேபாளத்து வாய்க்கால்கள் போன்ற பொதுச் சொத்துகளை ஆராய்ந்து, பாவிக்கிறவர்களே விதி வகுத்துக் காத்துக்கொள்வார்கள் என்று காட்டிய எலினோர் ஒஸ்ட்ரம் என்ற அம்மாவுக்கு 2009இல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்களாம். எங்கள் கமக்காரர் அமைப்பில் கேட்டிருந்தால் ஒரு பிளேன்டீயோடு சொல்லியிருப்பார்கள்.

ஆனால் ஒன்றில் வைஃபை வாய்க்காலைப் போல் இல்லை, அதைக் கூட்டத்தில் விளங்கப்படுத்த எனக்குப் பெரிய பாடாகப் போய்விட்டது. துருசைப் பூட்டினால் தண்ணீர் குளத்தில் இருக்கும், நாளைக்குப் பாவிக்கலாம். காற்றில் நேரத்தைச் சேமித்து வைக்க ஏலாது. இரவு இரண்டு மணிக்கு ஒருவரும் பாவிக்காத நேரம் அப்படியே போய்விடுகிறது. எங்கள் பக்கேஜில் இரவுக்கென்று தனியாக டேட்டா தருகிறார்கள், மாதாமாதம் அது தொடாமலே காலாவதியாகிறது. பகல் டேட்டாவோ மாதத்தின் 18ஆம், 19ஆம் திகதியிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே ஒருவர் எவ்வளவு இழுக்கிறார் என்று பார்ப்பதைவிட எப்போது இழுக்கிறார் என்றுதான் பார்க்கவேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பத்துப் படம் இறக்கினாலும் ஒருவருக்கும் நட்டமில்லை. பின்னேரம் நாலரைக்கு அரைப் படம் இறக்குவதுதான் பிள்ளையின் வகுப்பைக் கெடுக்கிறது. வீட்டில் வைஃபை இருக்கிறவர்களும் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மருமகள் போவதற்கு முன்னம் சில வேலைகள் செய்து தந்தாள். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை, அதுதான் எனக்கு வெட்கம். ஒரு கருவிக்கு இவ்வளவு வேகம்தான் என்று மட்டுப்படுத்தினாள், அதோடு இருபது இணைப்புக்காரருக்கும் ஒரு பங்குதான். போனுக்குப் போன் நேரடியாகக் கதைக்காமல் தடுக்கும் தெரிவைப் போட்டாள், பொய் ரவுட்டர் வேலை செத்துப்போனது. தூரத்துப் போன்களோடு மிக மெதுவாகப் பேசும் பழைய முறையை நிறுத்தினாள். மதகடிக்காரர் சிக்னல் இல்லையென்று சண்டைக்கு வந்தார், உள்ளே வந்து இருங்கள் என்று கதிரை போட்டுக் கொடுத்தேன். இப்போது பத்திரிகையும் பார்க்கிறார். பின்னேரம் மூன்றரையிலிருந்து ஆறரை வரை வகுப்புப் பிள்ளைகளுக்கும், வெளிநாட்டில் இருக்கும் புருசனோடு கதைக்க வருகிற பெண்களுக்கும் முதலிடம் என்று கரும்பலகையில் எழுதினோம், பாஸ்வேர்ட் இருந்த அதே இடத்தில். பக்கத்து வீட்டுக்காரரோடு நான் தனியாகப் போய்க் கதைத்தேன். பெட்டியைக் கழற்றவில்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு மட்டும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், நாலு நாளாகப் பகலில் அதன் விளக்கு எரியவில்லை.

இது நிலைக்குமா என்று தெரியாது. ரவுட்டரில் எதையும் ஒருமுறை செய்துவிட்டு விட்டால் போதாது, யாராவது பின்னால் இருக்கும் பொத்தானை ஊசியால் குத்தினால், எல்லாம் பழையபடி. கிழமைக்கு ஒருதரம் பட்டியலைப் பார்த்து, "தம்பி, உன்ர போன் ராத்திரிக்கு ஏத்தட்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு ஆள் வேண்டும். பிரதேச சபைகளும் நூலகங்களும் பஸ் நிலையங்களில் இலவச வைஃபை போடுகிறவர்களும் பெட்டிக்குக் காசு ஒதுக்குகிறார்கள், திறப்பு விழா வைக்கிறார்கள். பார்க்கிறவருக்கு ஒன்றும் ஒதுக்குவதில்லை. பிறகு சனம் பாழாக்கிவிட்டது என்று நிறுத்துகிறார்கள். எங்கள் கூட்டமும் அதைத்தான் செய்யப் பார்த்தது. தயவுசெய்து நிறுத்துவதற்கு முன்னம் ஒரு மாதம் ஒரு ஆளைப் பொறுப்பாகப் போட்டுப் பாருங்கள். அறுவடைக்கு நெல் கொடுக்க வேண்டாம், மாதம் ஒரு ரீலோட் போட்டுக் கொடுத்தால் போதும்.

எங்கள் தவணை முடிய இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் வட்ட விதானையாக நான் ஒரு பெயரை முன்மொழியப் போகிறேன், கூச்சல் வரும் என்று தெரியும். அந்த லப்டொப் பெடியனைத்தான். மற்றவர்களுடைய இணைப்பை அறுக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் இந்த ஊரில், ரவுட்டருக்குள் என்ன நடக்கிறது என்று என் மருமகளுக்குப் பிறகு தெரிந்தவனும் அவன்தான். போன வெள்ளி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவன், நேற்றுப் பின்னேரம் வந்து, எங்கள் ரவுட்டர் மூன்றாம் அலைவரிசையில் இருக்கிறது, சந்திக் கடையின் வைஃபை முதலாம் அலைவரிசையில், இரண்டும் ஒன்றையொன்று மிதிக்கிறது, ஆறுக்கோ பதினொன்றுக்கோ மாற்றட்டுமா என்று கேட்டான். மாற்றச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு சனசமூக நிலையச் செயலாளர்,
கிளிநொச்சி மாவட்டம்.